கதிருக்கும் உண்டு எடைக்கல்

உலு திராம் வட்டாரத்தில் பால்மரம் வெட்டிப் பிழைத்த நம்மவர்க்கு நிறுவையின் அருமையை எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. நாள் முழுதும் உழைத்த உழைப்பு தராசு முள்ளின் நுனியில் வந்து நின்றது. முள் கோணினால் கூலியும் கோணிற்று. அங்ஙனமாயின், நோயறியும்பொருட்டு உடலுக்குள் செலுத்தப்படும் கண்காணாக் கதிர்ப்பொருளை நிறுப்பது எவ்வாறு?

1898-ல் கியூரி தம்பதிகள் ரேடியத்தைக் கண்டறிந்த பின், மருத்துவரும் விஞ்ஞானிகளும் அதனைப் பலவாறு கையாண்டனர். ஆய்வுக்கூடந்தோறும் அளவு வேறுபட்டது. இக்குழப்பம் தீர, 1910-ல் பிரஸ்ஸல்ஸ் நகரில் கூடிய விஞ்ஞானிகள் பொது அளவையொன்று வேண்டுமெனத் தீர்மானித்து, அதனை ஆக்கும் பொறுப்பை மேரி கியூரி அம்மையாரிடம் ஒப்புவித்தனர். 1911 ஆகஸ்டில் அம்மையார் 21.99 மில்லிகிராம் தூய ரேடியம் குளோரைடைச் சிறு கண்ணாடிக் குழாயில் இட்டு மூடினார்.

அவ்வாண்டே இரண்டாம் முறையாக நோபல் பரிசு பெற்ற மேதை அவர். எனினும், பெரியார் செய்தது என்பதனாலேயே அக்குழாயை ஒருவரும் ஒப்புக்கொண்டிலர். வியன்னாவில் ஹோனிக்ஷ்மிட் என்பார் தனியே ஆக்கிய அளவைகளோடு அதனை 1912-ல் பாரிசில் ஒப்பிட்டனர். இரண்டும் ஒத்த பின்னரே உலக அளவையாக ஏற்றனர். அதனைத் தம் கூடத்திலேயே வைத்துக்கொள்ள அம்மையார் விரும்பினார். ஆயினும், 1913-ல் அது பாரிசுக்கு அருகே செவ்ரில் உள்ள அனைத்துலக எடை அளவை நிலையத்திற்குச் சென்றது. எடைக்கல் பொதுச்சொத்தாயிற்று.

இன்று உள்ளுறுப்புகளைப் படமெடுக்கப் பெரிதும் உதவும் டெக்னீசியம்-99எம் என்னும் பொருளின் கதிர்வீச்சு, ஆறு மணி நேரத்தில் பாதியாகிவிடும். அதனை எடைக்கல்லாகக் காத்தல் இயலாது. ரேடியமோ பாதியாவதற்கு 1,600 ஆண்டு கொள்ளும். ஆகவே, 1976-ல் செவ்ரில் தொடங்கிய ஒப்பீட்டு முறையில், நாடுகள் அனுப்பிய கதிர்ப்பொருள்கள் வாயு நிறைந்த கலத்தில் வைக்கப்பட்டு, அவை எழுப்பும் மின்னோட்டம் ரேடியம் எழுப்புவதோடு ஒப்பிடப்பட்டது. வழியிலேயே தேய்ந்துவிடும் பொருள்களுக்காக, பின்னர் ஒப்பிடும் கருவியே நாடு நாடாகப் பயணம் செய்தது. வினாடிக்கு ஓர் அணுச் சிதைவைக் குறிக்கும் பெக்கரெல் 1975-ல் உலக அலகாயிற்று. பழைய அலகான ஒரு கியூரி 3,700 கோடி பெக்கரெல் ஆகும்.

மருத்துவமனைக் கருவி பிழைபட்டு மருந்து குறைந்தால் படம் தெளியாது. மிகுந்தால் நோயாளி வீணே கதிர் ஏற்பார். மலேசியாவில் கதிர்ப்பொருளைக் கையாள உரிமம் வேண்டுமென 1984-ஆம் ஆண்டின் அணுசக்தி உரிமச் சட்டம் விதித்தது. பாங்கியிலுள்ள அணுசக்தி முகமையின் அளவைக்கூடம் கதிர்வீச்சு அளக்கும் கருவிகளைச் சரிபார்த்து வருகிறது.

தோட்டத்துத் தராசை ஐயுற்றுக் கேட்ட நம் மக்கள், மருத்துவமனையில் மட்டும் வாய்மூடி நிற்பானேன்? “எனக்கு இடும் அளவு எவ்வளவு? அளந்த கருவியை எப்பொழுது சரிபார்த்தீர்கள்?” என்று பணிவோடு கேட்பது நோயாளியின் உரிமை. கியூரி அம்மையாரின் குழாயே ஒப்பிட்ட பின்னர்தான் எடைக்கல் ஆயிற்று என்பதை நாம் மறவாதிருப்போமாக.