ஸ்ட்ரோகனோவ் வீட்டில் காளான் இல்லை

போன ஞாயிற்றுக்கிழமை பீஃப் ஸ்ட்ரோகனாஃப் செய்தேன். மெல்லிசாக அரிந்த மாட்டுக்கறி, வெங்காயம், காளான், மேலே கெட்டியான கிரீம். மகள் தட்டைப் பார்த்துவிட்டு, "இது ஒரிஜினலாப்பா?" என்றாள். ரஷ்யச் சமையலைப் பற்றி எனக்கென்ன தெரியும்? "ஆமாம்" என்று சொல்லிவிட்டேன். ராத்திரி உட்கார்ந்து படித்துப் பார்த்தபின், காலையில் "இல்லை" என்று திருத்திச் சொல்ல வேண்டியதாயிற்று.

முதலில் பெயர். ஸ்ட்ரோகனோவ் குடும்பம் உப்புக் காய்ச்சிப் பணக்காரர்களானவர்கள். 16-ஆம் நூற்றாண்டில் வடக்கு ரஷ்யாவில் சோல்விசெகோட்ஸ்க் என்ற ஊரில் தொழில் நடந்தது. 1558-இல் ஜார் நான்காம் இவான் காமா ஆற்றுப் பக்கம் பெரும் நிலப்பரப்பை இவர்களுக்குக் கொடுத்தார். எர்மாக் சைபீரியாவுக்குப் படை நடத்திப் போனதன் பின்னால் இருந்ததும் இவர்கள் பணம்தான். பீட்டர்ஸ்பர்க்கின் நெவ்ஸ்கி வீதியில் இவர்கள் கட்டிய அரண்மனை இன்றும் நிற்கிறது.

இந்தக் கறிக்கு அவர்கள் பெயர் எப்படி வந்தது? கதைகளுக்குப் பஞ்சமில்லை. பல் போன ஒரு கிழப் பிரபுவுக்காகக் கறியைச் சின்னதாக நறுக்கினார்கள் என்பது ஒன்று. ஒடெசாவில் வாழ்ந்த அலெக்சாண்டர் ஸ்ட்ரோகனோவ் (1795–1891) வீட்டில் வந்தவர்க்கெல்லாம் சாப்பாடு உண்டாம், பலருக்கும் அள்ளி வைக்கத் தோதாக அவருடைய சமையற்காரர் கண்டுபிடித்தார் என்பது இன்னொன்று. 1890-இல் ஒரு சமையல் போட்டியில் பிறந்தது என்பது மூன்றாவது.

மூன்றாவது கதை நிச்சயம் தப்பு. போட்டி நடந்ததாகச் சொல்வதற்கு முன்பே குறிப்பு அச்சில் வந்துவிட்டது. எலேனா மோலோகவெட்ஸ் என்ற பெண்மணி 1861-இல் 'இளம் இல்லத்தரசிகளுக்கு ஒரு பரிசு' என்ற சமையல் புத்தகத்தை வெளியிட்டார். நம்ம மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' மாதிரி, அங்கே தலைமுறை தலைமுறையாகக் கைமாறிய புத்தகம். அதன் 1871 பதிப்பில் 'ஸ்ட்ரோகனோவ் முறையில் மாட்டுக்கறி, கடுகுடன்' இருக்கிறது. கறித்துண்டுகளில் உப்பும் மிளகு வகையும் தடவி இரண்டு மணி நேரம் வைக்க வேண்டும். வெண்ணெயில் மாவை வறுத்து, எலும்புச் சாறு ஊற்றி, கடுகு விழுது சேர்த்துக் கொதிக்க வைக்க வேண்டும். பரிமாறுமுன் இரண்டு கரண்டி புளித்த பாலேடு. அவ்வளவுதான்.

காளான் இல்லை. வெங்காயமும் இல்லை!

1912-இல் வந்த இன்னொரு ரஷ்யக் குறிப்பில் வெங்காயமும் தக்காளி விழுதும் நுழைகின்றன, தொட்டுக்கொள்ளக் குச்சி குச்சியாகப் பொரித்த உருளைக்கிழங்கு. 1917 புரட்சிக்குப் பின் ஊரைவிட்டு ஓடிய ரஷ்யர்கள் பலர் ஹார்பினிலும் ஷாங்காயிலும் உணவகம் நடத்திப் பிழைத்தார்கள். அங்கே சாப்பிட்டுப் பழகியவர்கள் வழியாகவும் இது அமெரிக்கா போயிற்று. அங்கே கேம்ப்பெல் நிறுவனம் 1934-லேயே காளான் சூப்பை டப்பாவில் அடைத்து விற்க ஆரம்பித்திருந்தது. உலகப் போருக்குப் பிறகு, வேலைக்குப் போய்வந்த அலுப்பில் டப்பாவைத் திறந்து கறியில் கவிழ்த்து, நூடுல்ஸ் மேல் ஊற்றிச் சாப்பிட்ட வீடுகள் ஏராளம். பிரேசிலில் கோழியிலும் செய்கிறார்கள், கூடவே சோறு. ஜப்பானிலும் சோறுதான். புரட்சி செய்த சோவியத்காரர்களும் பிரபு பெயரை மாற்றாமலே தொழிற்சாலை கேன்டீனில் பரிமாறினார்கள்.

ஊர் விட்டு ஊர் போன கறி இது. போன இடத்தில் எது கிடைத்ததோ அதைச் சேர்த்துக்கொண்டது. நானும் அதையே செய்தேன். இங்கே புனேயில் 2015 சட்டத்துக்குப் பிறகு மாட்டுக்கறி என்றால் எருமைக்கறிதான். அண்டர்கட் கேட்டு வாங்கி, நாருக்குக் குறுக்கே மெல்லிசாக அரிய வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு அதிகத் தீயில் வதக்கவில்லை என்றால் தண்ணீர் விட்டு வெந்து ரப்பராகிவிடும். காளானும் தண்ணீர் விடும், ஆகவே தனியாக வதக்கிக்கொள்ளுங்கள். புளித்த பாலேட்டுக்குப் பதில் துணியில் கட்டித் தொங்கவிட்ட தயிரும் ஃப்ரெஷ் கிரீமும். அடுப்பை அணைத்தபிறகுதான் ஊற்ற வேண்டும், கொதித்தால் திரிந்துவிடும்.

இத்தனையும் எனக்கு எப்படித் தெரிந்தது? ஒரு பெண்மணி உட்கார்ந்து எழுதி வைத்ததால். பிரபுவின் பெயர் நின்றது. கறியை வதக்கிய சமையற்காரர் யார் என்று தெரியாது. ஆனால் 1871-இல் அதில் என்ன இருந்தது என்பது தெரியும்.

எங்கள் நாகர்கோவில் வீட்டில் அம்மா செய்யும் மாட்டுக்கறி வறுவல், தேங்காய்ப்பல் போட்டது, எந்தப் புத்தகத்திலும் இல்லை. அதற்குத் தனிப் பெயர்கூடக் கிடையாது. இங்கே வந்து தங்கியபோது அம்மா ஜன்னலைச் சாத்திவிட்டுத்தான் அதைச் செய்தாள். அக்கம்பக்கத்தில் யாரும் ஒன்றும் சொன்னதில்லை. இருந்தாலும் சாத்தினாள். ஊருக்குப் போன் பேசும்போது "கறி" என்று மட்டும் சொல்வாள், அதுவும் குரலைத் தாழ்த்தி. அதை எப்படிச் செய்வது என்று நானும் கேட்டதில்லை. ரஷ்யப் பிரபு வீட்டுக் கறிக்கு ஒரு ராத்திரி முழுக்கச் செலவழித்தேன்.

நேற்று போன் போட்டேன். எவ்வளவு மல்லி என்று கேட்டால் "ஒரு கை" என்கிறாள். "யார் கைம்மா, உன் கையா என் கையா?" சிரித்தாள். பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னாள், குரலைத் தாழ்த்தாமல். மகளின் பழைய கணக்கு நோட்டில் எழுதியிருக்கிறேன், மேலே தேதி போட்டு. "உங்க பாட்டி கை" என்று அளவும் குறித்திருக்கிறேன்.

நாளைக்கு மகள் அதில் காளான் போட்டாலும் போடட்டும். எதில் போட்டாள் என்பதாவது தெரியுமே.