வாயில் அவநம்பிக்கை, கையில் சீசன் டிக்கெட்

ஆகஸ்ட் தொடக்கத்தில் இங்கிலாந்தின் கால்பந்து ரசிகர்கள் எல்லோரும் சமம். புள்ளிப் பட்டியலில் யாருக்கும் பூஜ்ஜியத்துக்கு மேல் இல்லை. ஆனாலும் ஒருத்தர் "இந்த வருஷம் கப்பு நமக்குத்தான்" என்பார். பக்கத்து சீட்டுக்காரரோ "கீழ இறங்காம இருந்தா போதும்பா" என்பார். எனக்கு இந்த இரண்டாவது ஆளைப் பிடிக்கும். அவரைப் புரிந்துகொள்ள மான்செஸ்டர் சிட்டியின் பழைய வரலாறு போதும்.

1937-இல் சிட்டி முதல்முறையாக லீக் சாம்பியன் ஆனது. அடுத்த சீசனிலேயே இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது. அதுவும் 80 கோல் அடித்து, அந்தப் பிரிவிலேயே அதிகக் கோல் போட்ட அணியாக! இங்கிலாந்தில் நடப்புச் சாம்பியன் ஒன்று கீழே இறங்கியது அந்த ஒரு முறைதான். 1937 ஆகஸ்டில் நம்பிக்கையோடு மைதானத்துக்குப் போன ரசிகரை யார் குறை சொல்ல முடியும்?

1996 மே மாதம், கடைசி ஆட்டம். லிவர்பூலுடன் 2-2. டிரா போதும் என்று தவறாக நம்பிய வீரர்கள் பந்தை மூலையில் வைத்துக்கொண்டு நேரத்தைக் கடத்தினார்கள். தேவைப்பட்டதோ வெற்றி. சிட்டி இறங்கியது. 1998-இல் கடைசி நாளில் ஸ்டோக்கை 5-2 என வென்றும் மூன்றாம் அடுக்குக்குப் போனது. அப்போதைய மேனேஜர் ஜோ ராயல் இந்த ராசிக்கு 'சிட்டியைட்டிஸ்' என்று நோயின் பெயரைப் போல ஒரு பெயரே வைத்தார்.

நான் சொல்ல வந்தது இதற்குப் பிறகு நடந்ததைத்தான். அந்த மூன்றாம் அடுக்கு சீசனில் மெய்ன் ரோடு மைதானத்துக்கு ஆட்டத்துக்குச் சராசரியாக 28,000 பேருக்கு மேல் வந்தார்கள். "நாம உருப்பட மாட்டோம்" என்று சொல்லிக்கொண்டே காசு கொடுத்து டிக்கெட் வாங்கியவர்கள். வாய் சொன்னதை கால் கேட்கவில்லை.

1999 மே 30, வெம்ப்ளி. மேலே ஏறுவதற்கான பிளே-ஆஃப் இறுதி ஆட்டம். 87-ஆவது நிமிடத்தில் ஜில்லிங்ஹாம் 2-0 என முன்னிலை. சிட்டி ரசிகர்கள் பலர் எழுந்து கிளம்பிவிட்டார்கள். 90-ஆவது நிமிடத்தில் ஹார்லாக் ஒன்று அடித்தார். கூடுதலாகச் சேர்த்த நேரத்தின் கடைசியில் டிக்காவ் இன்னொன்று. பெனால்டியில் சிட்டி வென்றது.

எனவே அவநம்பிக்கையை நம்பிக்கையின் எதிரி என்று நான் நினைப்பதில்லை. நம்பியதைச் சத்தமாகச் சொல்லி, பிறகு ஊர் முன்னால் அவமானப்பட்டவர்கள் கற்றுக்கொண்ட தற்காப்பு அது. நம்ம பாட்டிகள் நல்ல காரியம் முடியும்வரை வெளியே சொல்லாதே என்பார்களே, கிட்டத்தட்ட அதுதான்.

2008-இல் அபுதாபி பணம் வந்தது. அப்புறமும் 2012 மே 13 அன்று, பட்டம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, 90 நிமிடம் முடிந்தபோது சிட்டி 1-2 எனப் பின்தங்கியிருந்தது. ஜெக்கோவும் அகுவேரோவும் அதைக் காப்பாற்றினார்கள். 2021 முதல் 2024 வரை தொடர்ந்து நான்கு பட்டங்கள். இன்று அந்த அணியைப் பார்க்கத் தொடங்கும் பையனுக்கு ஆகஸ்டில் பயமே கிடையாது. அவன் கொடுத்துவைத்தவன்தான். ஆனால் தோற்கும் என்று தெரிந்தே போய் உட்கார்ந்த அந்த 28,000 பேரிடம் இருந்த ஒன்று அவனிடம் இருக்கிறதா என்பது, ஒரு மோசமான சீசன் வந்தால்தான் தெரியும்.