நரம்பு நோவும் மருந்தின் விலையும்



வெட்டுக்காயம் ஆறினால் அதன் நோவும் ஆறிவிடும், இஃது இயற்கை. நரம்பே பழுதுற்றாலோ, காயம் ஆறிய பின்னும் நோவு ஆறுவதில்லை. தீயின்றியே எரிகிறது, முள்ளின்றியே குத்துகிறது. அக்கி கண்டு நீங்கிய உடலிலும், நீரிழிவு நீடித்தவர் கால்களிலும் இதனைக் காணலாம். காட்டுதற்குப் புறத்தே புண் இல்லாமையால், நோயாளியின் சொல்லைப் பிறர் எளிதில் நம்புவதில்லை. இந்நோவைத் தணிக்க மருத்துவர் முயன்ற வரலாறு அறியத்தக்கது.

சிறுவர் அஞ்சும் மருந்தூசி, நரம்பு நோவின் பொருட்டே பிறந்தது என்றால் வியப்பீர்கள். 1844-இல் டப்ளின் நகரத்து மருத்துவர் பிரான்சிஸ் ரிண்டு, முகநரம்பு நோவால் வருந்திய ஒரு பெண்மணிக்குத் துளையுள்ள ஊசி வழியே மார்பின் கரைசலைத் தோலின்கீழ்ச் செலுத்தினார். 1853 நவம்பரில் எடின்பரோவைச் சேர்ந்த அலெக்சாண்டர் உட், கண்ணாடிப் பீச்சுங்குழலில் ஊசியைப் பொருத்தி, தோள் நரம்பு நோவுற்ற மூதாட்டி ஒருவருக்கு அபினிலிருந்து எடுக்கும் அம்மருந்தையே செலுத்தினார். சில நிமிடங்களில் மூதாட்டிக்குத் தலை சுற்றியது; சிந்தை குழம்பியது; பின்னர் நோவு அடங்கியது. மறுநாள் முற்பகலில் உட் சென்று பார்த்தபோதும் அவர் விழித்திருக்கவில்லை. அரிதின் முயன்றே எழுப்ப வேண்டியிருந்தது. ஆறுதலும் அதன் விலையும் அந்த ஒரே இரவில் ஒருங்கே வெளிப்பட்டன.

நோவுள்ள இடத்திலேதான் மருந்து வேலை செய்கிறது என்று உட் கருதினார். வேறு இடத்தில் குத்தினும் பயன் ஒன்றே என்பதை இலண்டன் மருத்துவர் சார்லஸ் ஹண்டர் சில ஆண்டுகளில் எடுத்துக்காட்டினார். மருந்து குருதியிற் கலந்து உடல் முழுதும் செல்கிறது என்பது இதனால் புலனாயிற்று. ஆயினும், ஊசியாற் செலுத்தினால் அபினுக்கு அடிமையாதல் நேராது என்னும் தவறான நம்பிக்கை பலரிடம் இருந்தது.

அமெரிக்க உள்நாட்டுப் போரில் நரம்பிற் குண்டு பாய்ந்த வீரர்களைப் பிலடெல்பியாவில் வைர் மிட்செல் என்பவர் பேணினார். கை எரிச்சல் தாளாமல் ஈரத்துணியை எந்நேரமும் சுற்றியிருந்தனர் பலர். காலணிக்குள் நீர் ஊற்றிக்கொண்டோரும் உண்டு. அவர்கள் கூறியதை மிட்செல் பொய்யென்று தள்ளாமல் பொறுமையுடன் கேட்டெழுதினார். 1872-இல் நரம்புக் காயங்களைப் பற்றிய நூலையும் வெளியிட்டார். அவருக்கும் அன்று துணையாக இருந்தது பெரும்பாலும் மார்பின் ஊசியே. 1870-இல் ஆங்கில மருத்துவர் கிளிஃபர்டு ஆல்பட், நெடுநாள் ஊசி போட்டுக்கொண்டவர்கள் நோயும் நீங்காமல் ஊசியையும் விட இயலாமல் தவிப்பதைக் கண்டு எச்சரித்தார்.

வேறு வழி எதிர்பாராத திசையிலிருந்து வந்தது. வலிப்பு நோயில் மூளையின் நரம்பணுக்கள் கட்டுக்கடங்காது கிளர்கின்றன. நோவுறும் நரம்பிலும் ஒருவகைக் கிளர்ச்சி உண்டு. 1942-இல் பிரெஞ்சு மருத்துவர் ஒருவர், ஃபெனிடாயின் என்னும் வலிப்பு மருந்தை முகநரம்பு நோவுக்குத் தந்து பயன் கண்டார். 1953-இல் சுவிட்சர்லாந்தில் ஷிண்ட்லர் என்பவர் உருவாக்கிய கார்பமசெப்பைன், அந்நோவுக்கு உதவுவதை 1962-இல் சுவீடனைச் சேர்ந்த பிளோம் அறிவித்தார். மனச்சோர்வுக்குரிய அமிட்ரிப்டிலின், வலிப்புக்குரிய கபாபென்டின் ஆகியனவும் பின்னர் நரம்பு நோவுக்குப் பயன்படலாயின.

இவையும் விலையின்றிக் கிடைப்பன அல்ல. அமிட்ரிப்டிலினால் வாய் உலரும், மலம் கட்டும். கபாபென்டினால் தலைசுற்றும், கால் வீங்கும். இரண்டாலும் தூக்கம் மேலிடும். கார்பமசெப்பைன் சிலருக்கு உயிருக்கே ஊறாகும் தோல் நோயை உண்டாக்கும். ஆசிய வழியினர் சிலரிடம் உள்ள ஒரு மரபுக்கூற்றுடன் அதற்குத் தொடர்பு உண்டென அறிந்து, அமெரிக்க அரசு 2007-இல் முன்கூட்டியே சோதிக்க அறிவுறுத்தியது.

ஆதலின், இம்மருந்துகளைச் சிற்றளவில் தொடங்கி மெல்ல உயர்த்துவதே மருத்துவர் வழக்கம். நோவு தணிந்தது என்றோ, தொல்லை தருகிறது என்றோ நோயாளி தாமாகத் திடீரென நிறுத்துதல் தீங்கு. மேனியில் தடிப்புக் கண்டால் உடனே மருத்துவரிடம் உரைத்தல் வேண்டும்.

நோவு இருக்கிறது என்பவரையும், மருந்து வருத்துகிறது என்பவரையும் செவிசாய்த்துக் கேட்டபோதெல்லாம் இத்துறை வளர்ந்தது; கேளாதபோது இடறியது. உங்கள் இல்லத்தில் அத்தகையோர் இருப்பின், அவர் சொல்லை நம்புங்கள். அதுவும் மருத்துவத்தின் ஒரு பகுதியே.