கடைமடையில் கணினி

தண்ணீர்க் கணக்கில் பூதலூர்க்காரர்களாகிய நாங்கள் தலைமடைக்காரர்கள். கல்லணை எங்களுக்கு அண்டை வீடு. கணினிக் கணக்கிலோ கடைமடை. தொண்ணூறுகளின் இறுதியில் மின்னஞ்சல் பார்ப்பதற்காகவே எங்களில் சிலர் பாசஞ்சர் ரயிலேறித் தஞ்சாவூர் சென்றதுண்டு. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களை யாவருக்கும் இலவசமாக இணையத்தில் ஏற்றிக்கொண்டிருந்த காலம். ஆனால் உரிய எழுத்துரு இல்லாத பொதுக் கணினியில் அவை வெறும் கிறுக்கலாகவே தெரிந்தன. மணிக்கு இவ்வளவு என்று கொடுத்த காசில் பாதி, எழுத்துரு இறங்குவதற்கே கரைந்துபோகும்.

இந்த வாய்க்காலின் தலைமடை என்று 1973இல் சென்னை ஐ.ஐ.டி.யில் நிறுவப்பட்ட ஐ.பி.எம். 370 கணினியைச் சொல்லலாம். அந்நாளைய முறைப்படி பயனர் எந்திரத்தைத் தொடுவதில்லை. துளையிட்ட அட்டைக் கட்டைக் கொடுத்துவிட்டு அச்சுத்தாளுக்குக் காத்திருக்க வேண்டும். ஒரு காற்புள்ளி பிசகினால் மறுபடியும் வரிசை. அதே 1973இல் அமெரிக்காவின் பெர்க்லி நகரில், ஓர் இசைத்தட்டுக் கடையின் அறிவிப்புப் பலகைக்கருகே 'கம்யூனிட்டி மெமரி' என்ற பெயரில் ஒரு கணினி முனையத்தை வைத்தார்கள். தெருவில் போகிற எவரும் அதில் தட்டலாம். இசைக் கலைஞர்கள் துணைக்கு ஆள் தேடினார்கள். சிலர் கவிதையும் எழுதினார்கள். பல்கலைக்கழகங்கள் பூட்டிவைத்ததை ஒரு கடை திறந்துவிட்டது என்றே எங்களுக்குத் தோன்றுகிறது.

அந்தத் துணிவு தஞ்சைத் தரணிக்குப் புதிதல்ல. 1931இல் மன்னார்குடியை அடுத்த மேலவாசலில் கனகசபைப் பிள்ளை நூல்களை மாட்டுவண்டியில் ஏற்றி ஊர் ஊராக அனுப்பினார். அதைத் தொடங்கிவைத்தவர் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். அரங்கநாதன்; அவருடைய ஐந்து நூலக விதிகள் நூலாக வெளிவந்ததும் அதே ஆண்டில்தான்.

கணினிக்கு அப்படியொரு வண்டி வாய்க்க வெகுகாலம் ஆயிற்று. 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழிணைய மாநாடு விசைப்பலகைக் குழப்பத்திற்கு ஒரு முடிவு காண முயன்றது. எழுத்துருத் தொல்லை யூனிகோடு பரவிய பிறகே தணிந்தது. 2004 அக்டோபரில் இஸ்ரோவும் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் இணைந்து, செயற்கைக்கோள் இணைப்புடன் கூடிய கிராம வள மையத்தைத் திருவையாற்றில் திறந்தன. மாட்டுவண்டி வாசலுக்கு வந்தது. இதற்கு நாங்கள் ஆறு கடந்து போக வேண்டியிருந்தது.

இன்று கைப்பேசியில் மதுரைத் திட்ட நூல்கள் எழுத்துரு கேட்காமல் திறக்கின்றன. அக்காலத்து எழுத்துருவைச் சேமித்த பிளாப்பியை எங்களில் ஒருவர் இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறார். அதைப் படிக்கும் எந்திரம்தான் எங்கள் எவரிடமும் இல்லை.