கோவலூரைப் பிடித்தான், கொல்லியை இழந்தான்

சென்ற வாரம் ஹிட்லரின் படையை மாஸ்கோ பனியில் விட்டுவிட்டு வந்தோம். இந்த வாரம் 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிக் கொல்லிமலைக்குப் போகலாம். அச்சு நாடுகள் செய்த பிழையை ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முன்பே நம்மூரில் ஒருவன் செய்து பார்த்துவிட்டான். ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த அதே அதியமான் நெடுமான் அஞ்சிதான்.

வரைபடத்தை மனதில் விரித்துக்கொள்ளுங்கள். வடக்கே அஞ்சியின் தகடூர், இன்றைய தருமபுரி. கிழக்கே பெண்ணையாற்றங்கரையில் மலையமான் திருமுடிக்காரியின் கோவலூர், இன்றைய திருக்கோவிலூர். தெற்கே சேரர் கையிலிருந்த கருவூர். இடையில் வல்வில் ஓரியின் கொல்லி. கருவூரிலிருந்து வடக்கே படை நடத்துகிறவன் கொல்லியைப் பகையாக விட்டுவிட்டுத் தகடூருக்குப் போக முடியாது. அஞ்சிக்குக் காசு கொடுக்காமலே கிடைத்த வாசல் காவல் அது.

அவனோ கிழக்கே பார்த்தான். கோவலூரை வென்றான், பரணர் அதைப் பாடியதை ஔவையே குறிப்பிடுகிறார். 1981இல் திருக்கோவிலூர்ப் பக்கம் ஜம்பையில் கிடைத்த தமிழ்பிராமிக் கல்வெட்டிலும் அஞ்சியின் பெயர் இருக்கிறது. ஆனால், ஊர் சிக்கியது, காரி சிக்கவில்லை. வேந்தர்களே போருக்குத் துணை கேட்டு ஆளனுப்பும் வீரன் காரி. அப்படிப்பட்டவன் நிலமிழந்தால் சும்மா இருப்பானா? நேரே சேர மன்னன் பெருஞ்சேரல் இரும்பொறையிடம் போனான். (சங்கப் பாடல்களில் தேதி ஏது? இந்த வரிசை அறிஞர்கள் பாடல்களைக் கோத்துச் சொல்வது. எனக்கும் அதுவே பொருந்துவதாகப் படுகிறது.)

1941 ஜூன் 22 அன்று ஹிட்லர் செய்ததும் இதுதான். அதுவரை தனக்குத் தானியமும் எண்ணெயும் அனுப்பிக்கொண்டிருந்த ஸ்டாலினை அடித்துச் சர்ச்சில் பக்கம் துரத்தினார். அது போதாதென்று, ஜப்பான் பேர்ல் துறைமுகத்தைத் தாக்கிய நான்காம் நாள், அமெரிக்காமீதும் தானே போர் அறிவித்தார்.

காரி சேரனுக்காகக் கொல்லி ஏறினான். யானை, புலி, மான், பன்றி, உடும்பு என ஐந்தையும் ஓர் அம்பால் துளைத்தவன் என்று வன்பரணர் வியந்த ஓரி, காரியின் கையால் மாண்டான். வென்றவன் ஓரியின் தெருவில் நுழைந்தபோது எழுந்த கூச்சலைக் கபிலர் நற்றிணையில் எதற்கு உவமையாக்குகிறார் தெரியுமா? ஒரு பரத்தை வீதியில் நடந்து போகும்போது எழுந்த ஆரவாரத்துக்கு! ஒரு மலைநாடே சரிந்த சேதி, அகப்பாட்டில் ஊர்வம்புக்குத் துணையாக வந்து நிற்கிறது.

மலையைக் காரி வைத்துக்கொள்ளவில்லை, சேரனுக்கே கொடுத்துவிட்டான். அஞ்சியோடு இரு பெருவேந்தர் சேர்ந்து நின்றும், கொல்லிக் கூற்றத்தில் அத்தனை பேரையும் சேரன் வென்றதாகப் பதிற்றுப்பத்தின் எட்டாம் பதிகம் சொல்கிறது. இனித் தகடூருக்கு வழி திறந்தாயிற்று.

அந்த முற்றுகை அடுத்த வாரம்.