பழைய பைக்கை எலெக்ட்ரிக்கா மாத்தப் போறீங்களா? ஓசூர் ரூட்டுக்கு எந்த பேட்டரி, எந்த கன்ட்ரோலர்?

டிவிஎஸ், ஏத்தர் ஆலைகள் ஓசூரில். ஓலா ஆலை போச்சம்பள்ளியில். மின் ஸ்கூட்டர் தயாரிப்பில் கிருஷ்ணகிரி மாவட்டத்துக்குத் தனி இடம் உண்டு. அங்கேயே இருந்துகொண்டு, “புதுசு வாங்க லட்ச ரூபாய் ஆகுது, வீட்டில் நிற்கிற பழைய பைக்கையே மாத்திடலாமே” என்று யோசிப்பவர்களுக்கு இந்தக் கணக்கு.

பேட்டரி எவ்வளவு வேணும்?

கிட் விற்பவர்கள் மோட்டார் எத்தனை வாட் என்பதில்தான் பேச்சைத் தொடங்குவார்கள். நீங்கள் தொடங்க வேண்டியது, தினமும் எத்தனை கி.மீ. ஓடுறீங்க என்பதில்.

72 வோல்ட், 40 ஆம்பியர் ஹவர் பேட்டரியை எடுத்துக்கொள்வோம். இரண்டையும் பெருக்கினால் 2,880 வாட் ஹவர், கிட்டத்தட்ட 2.9 யூனிட் கரண்ட். மாற்றிய பைக் ஒரு கி.மீ.க்கு சுமார் 35 வாட் ஹவர் எடுக்கும் என்று வைத்தால், 10 சதவீதம் மிச்சம் விட்டு 70 கி.மீ. சொச்சம் ஓடும். ஓசூரில் இருந்து அத்திப்பள்ளி தாண்டி எலெக்ட்ரானிக் சிட்டி போய் வர இது தாராளம்.

கிருஷ்ணகிரி ரூட் வேற கதை. ஒருவழி சுமார் 50 கி.மீ. என்பதால் போக வரவே 100 ஆகிறது. அங்கே சார்ஜ் போடாமல் திரும்ப முடியாது. அதோடு ஓசூர் கிருஷ்ணகிரியைவிட சுமார் 400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இருவர் உட்கார்ந்த 250 கிலோ பைக் அந்த உயரம் ஏற மட்டும் கூடுதலாக 340 வாட் ஹவர் செலவாகும், அதாவது 10 கி.மீ. ஓட்டத்துக்கான சார்ஜ். இறங்கும்போது மீட்டரில் மிச்சம் காட்டியதை நம்பிக் கிளம்பினால் சூளகிரி பக்கத்தில் தள்ள வேண்டியதுதான்.

செல் வகையில், தினசரி ஓட்டத்துக்கு எல்எஃப்பி நல்லது. எடையும் இடமும் அதிகம் கேட்கும். ஆனால் என்எம்சியைவிட வெப்பத்தைத் தாங்கும், கூடுதல் வருஷம் உழைக்கும்.

கன்ட்ரோலரில் எதைப் பார்க்கணும்?

முதலில் வோல்ட். ‘72 வோல்ட்’ என்று விற்கும் 24 செல் எல்எஃப்பி பேட்டரி ஃபுல் சார்ஜில் 87.6 வோல்ட் காட்டும். 20 செல் என்எம்சி 84 வோல்ட். கன்ட்ரோலரின் உச்ச வரம்பு அதற்கு மேல் இல்லையென்றால், காலையில் ஃபுல் சார்ஜோடு வண்டி கிளம்பாது, இல்லை கன்ட்ரோலரே போய்விடும்.

அடுத்தது ஆம்பியர். 5 சதவீத ஏற்றத்தில் இருவர் 40 கி.மீ. வேகத்தில் போக பேட்டரியில் இருந்து சுமார் 40 ஆம்பியர் இழுக்கும். 50 ஆம்பியர் கன்ட்ரோலர் போதும். அதற்கு, தொடர்ச்சியாக 60 ஆம்பியர் கொடுக்கும் பிஎம்எஸ் பேட்டரிக்குள் இருக்கணும். பிக்கப்புக்கு ஆசைப்பட்டு 80 ஆம்பியர் கன்ட்ரோலர் போட்டால், ஏற்றத்தில் முழு த்ராட்டில் கொடுத்ததும் பிஎம்எஸ் மொத்தமாக கட் பண்ணிவிடும். பின்னால் லாரி வரும் தேசிய நெடுஞ்சாலை 44-ல் அது சின்ன விஷயம் இல்லை. பெட்டியில் பெரிய எழுத்தில் இருப்பது சில சமயம் மோட்டாருக்குப் போகும் ஃபேஸ் ஆம்பியர். பேட்டரி ஆம்பியரைத் தனியாகக் கேளுங்கள்.

ஆர்டிஓ என்ன சொல்லும்?

மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி, ஆர்சியில் உள்ள எரிபொருளை அனுமதி இல்லாமல் மாற்ற முடியாது. ஏஐஎஸ்-123 தரப்படி ஏஆர்ஏஐ, ஐகேட் போன்ற அமைப்புகள் ஒப்புதல் தந்த கிட்டாக இருக்கணும். பேட்டரிக்கான ஏஐஎஸ்-156 விதிகள் தீ விபத்துகளுக்குப் பிறகு, 2022 டிசம்பர் 1, 2023 மார்ச் 31 என இரண்டு கட்டமாகக் கடுமையாக்கப்பட்டன. ஆர்சியில் பெட்ரோல் என்றே இருந்தால் எல்லைச் சோதனையில் அபராதம் ஒருபக்கம். விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் கிளெய்ம் சிக்கல் இன்னொரு பக்கம். 250 வாட்டுக்குக் கீழ், 25 கி.மீ. வேகத்துக்குள் பதிவு வேண்டாம் என்ற விலக்கு இந்த பைக்குகளுக்குப் பொருந்தாது.

பணம் கட்டும் முன் ஒப்புதல் சான்றிதழைக் கேட்டு, அதில் உங்கள் பைக் மாடல் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு மாடலுக்கு வாங்கிய ஒப்புதலைக் காட்டி வேறு மாடலுக்கு கிட் மாட்டினால் ஆர்சியில் ஏறாது.