செத்த காலேஜும் உயிர் காலேஜும்

கோடை விடுமுறை தொடங்கியதும் ஊரிலிருந்து அக்கா தொலைபேசியில் அழைத்துவிடுவாள். "பசங்க பத்து நாள் அங்க வந்து இருக்கட்டும், நாலு எடம் கூட்டிக்கினு போய்க் காட்டு." ஆண்டுதோறும் வரும் இந்த ஆணையைக் கேட்டதும் எனக்குள் ஒரு சிறு கலக்கம் தோன்றும். சென்னையில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் குடியிருக்கிறேன். ஆனாலும் இந்த நகரத்தில் குழந்தைகளுக்குக் காட்டத்தக்கவை எவை என்று யாராவது கேட்டால் சட்டென்று சொல்ல வருவதில்லை. வணிக வளாகங்களும் கேளிக்கைப் பூங்காக்களும் இருக்கின்றன. அவற்றின் நுழைவுக் கட்டணத்தை நான்கு பேருக்குப் பெருக்கிப் பார்த்தால் கல்லூரி ஆசிரியனுக்கே மூச்சு முட்டுகிறது. கூலி வேலை செய்து பிழைக்கும் ஒரு குடும்பத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

எங்கள் ஆயாவுக்கு இந்தக் குழப்பம் இருந்ததில்லை. வந்தவாசிக்குப் பக்கத்துக் கிராமத்திலேயே வாழ்ந்து முடித்த அவளிடம் பட்டணத்தைப் பற்றிய பட்டியல் ஒன்று தயாராக இருந்தது. செத்த காலேஜ், உயிர் காலேஜ், சமுத்திரம். அவ்வளவுதான். முதலாவது எழும்பூர் அருங்காட்சியகம். இரண்டாவது மிருகக்காட்சி சாலை. அந்தத் தலைமுறையில் சென்னைக்கு வந்துபோன கிராமத்து மக்கள் பலர் இப்படித்தான் சொன்னார்கள். செத்தவற்றை வைத்திருக்கும் இடம் செத்த காலேஜ், உயிருள்ளவற்றை வைத்திருக்கும் இடம் உயிர் காலேஜ். பட்டணத்து ஆட்கள் இதைக் கேட்டுச் சிரிப்பது வழக்கம். நானும் ஒரு காலத்தில் சிரித்தவன்தான்.

பின்னாளில் ஒரு கேள்வி என்னை உறுத்தியது. செத்த, உயிர் என்னும் அடைகள் விளங்குகின்றன. காலேஜ் என்ற சொல் எங்கிருந்து வந்தது? பெரிய சர்க்கார் கட்டடத்தையெல்லாம் பாமரர்கள் காலேஜ் என்று நினைத்துக்கொண்டார்கள் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம். எனக்கு அதில் நிறைவில்லை. அப்படியானால் உயர்நீதிமன்றமும் காலேஜ் ஆகியிருக்க வேண்டும். ரிப்பன் மாளிகையும் ஆகியிருக்க வேண்டும். ஆகவில்லையே.

விடை நுங்கம்பாக்கத்துக் காலேஜ் ரோட்டில் இருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனியில் பணியாற்ற வரும் இளம் ஆங்கிலேயருக்கு இந்நாட்டு மொழிகளைக் கற்பிக்க 1812இல் 'புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி' தொடங்கப்பட்டது. கோட்டையின் பெயரைத் தாங்கியிருந்தாலும் பிற்காலத்தில் அது இயங்கியது இந்தச் சாலையில்தான். சாலைக்குப் பெயர் வந்ததும் அதனால்தான். தமிழ் படித்தவர்களுக்கு இந்தக் கல்லூரி அந்நியமானதன்று. எல்லிஸ் துரையின் முயற்சியில் எழுந்தது அது. திராவிட மொழிகள் தனிக் குடும்பம் என்ற கருத்தை, கால்டுவெல்லின் நூல் வருவதற்கு நாற்பது ஆண்டுகள் முன்னதாக, 1816இலேயே அவர் அச்சில் வைத்தார். வீரமாமுனிவரின் நூல்களைத் தேடிச் சேர்க்க அவர் அனுப்பிய முத்துசாமிப் பிள்ளையும், தமிழ் உரைநடையில் பஞ்சதந்திரக் கதைகளைத் தந்த தாண்டவராய முதலியாரும் இக்கல்லூரியைச் சார்ந்தவர்கள். (1968ஆம் ஆண்டு உலகத் தமிழ் மாநாட்டின்போது மெரீனா கடற்கரையில் வைக்கப்பட்ட சிலைகளில் கால்டுவெல் இருக்கிறார், போப் இருக்கிறார், வீரமாமுனிவர் இருக்கிறார். எல்லிஸ் இல்லை. இது என் நெடுநாள் மனக்குறை. கட்டுரைக்குச் சம்பந்தமில்லாவிட்டாலும் சொல்லிவைக்கிறேன்.)

இந்தக் கல்லூரிக் கட்டடத்தில்தான் 1851இல் அரசு அருங்காட்சியகம் தொடங்கப்பட்டது. சென்னை இலக்கியச் சங்கம் கொடுத்த சுமார் 1,100 நிலவியல் மாதிரிகளே அதன் முதல் இருப்பு. கல்லும் மண்ணும் பார்க்க வந்த மக்கள் காலேஜுக்குப் போய்வந்தோம் என்று சொல்லியிருப்பார்கள். அதில் பிழை ஏதுமில்லை, போய்வந்தது காலேஜுக்குத்தான். 1854 இறுதியில் அருங்காட்சியகம் எழும்பூரின் பாந்தியன் மாளிகைக்கு இடம்பெயர்ந்தது. ஆங்கிலேயர்கள் விருந்தும் நடனமும் நாடகமும் நடத்திக் களித்த மாளிகை அது. இடையில் ஆர்மீனிய வணிகர் ஒருவர் கைக்குப் போய், பிறகு அரசிடமே திரும்பி வந்தது. அதே 1854இல் மொழிக் கல்லூரியும் கலைக்கப்பட்டது. கல்லூரி மறைந்தது, அதன் பெயரை மட்டும் மக்கள் எழும்பூருக்குக் கொண்டுபோய்விட்டார்கள் என்றே நான் கருதுகிறேன். 'அருங்காட்சியகம்' நல்ல தமிழாக்கம்தான். வகுப்பில் நானும் அதைத்தான் பயன்படுத்துகிறேன். ஆனால் அந்த நிறுவனத்தின் முதல் மூன்றாண்டு வரலாறு அதில் இல்லை. ஆயாவின் சொல்லில் இருந்தது.

சரி, உயிர் காலேஜ்? அதற்கு எட்வர்டு பால்ஃபர் என்ற மருத்துவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அருங்காட்சியகத்தின் முதல் பொறுப்பாளர் அவர். 1850இல் திருவல்லிக்கேணியில் முகம்மதியப் பொது நூலகம் அமையக் காரணமானவரும், இந்தியா குறித்த பெரிய கலைக்களஞ்சியம் ஒன்றைத் தொகுத்தவரும் இவரே. பெண்களை மருத்துவக் கல்லூரியில் சேர்க்க வேண்டும் என்று பிற்காலத்தில் வாதாடியதும் இவர்தான். பாடம் செய்யப்பட்ட உயிரினங்களையும் பாறைகளையும் பார்க்க வருபவர்கள், உயிருள்ள ஒரு புலி இருந்தால் இன்னும் பெருங்கூட்டமாக வருவதை அவர் கண்டுகொண்டார். ஆர்க்காட்டு நவாபு வைத்திருந்த விலங்குகளையும் கேட்டுப் பெற்றார். 1855இல் பாந்தியன் வளாகத்திலேயே விலங்குக்காட்சி தொடங்கியது. ஓராண்டுக்குள் அங்கே 300க்கும் மேற்பட்ட உயிரினங்கள் சேர்ந்துவிட்டன. ஒரே மதிலுக்குள் ஒருபுறம் செத்தவை, மறுபுறம் உயிருள்ளவை. எட்டாண்டுக் காலம் இந்த நிலை நீடித்தது. இரண்டையும் ஒரே காலேஜின் இரு பிரிவுகளாக மக்கள் பெயரிட்டு அழைத்தது வேறெப்படி இருக்க முடியும்?

1863இல் விலங்குகள் அங்கிருந்து புறப்பட்டன. போய்ச் சேர்ந்த இடம் பீப்பிள்ஸ் பார்க். இன்றைய சென்ட்ரல் நிலையத்துக்கு அருகே 116 ஏக்கரில் குளங்களும் பாதைகளும் வாத்திய மேடையுமாக அமைக்கப்பட்ட பூங்கா. இதற்கு வித்திட்டவர் ஆளுநர் சார்லஸ் டிரெவிலியன். அயர்லாந்துப் பெரும்பஞ்சத்தின்போது லண்டன் கருவூலத்தில் அமர்ந்து நிவாரணத்தை இறுக்கிப் பிடித்தவர் என்று ஐரிஷ் மக்கள் இன்றும் வெறுக்கும் அதே டிரெவிலியன்தான். சென்னைக்கு 1859இல் வந்தவர், வருமான வரியை எதிர்த்து மேலிடத்துடன் மோதி அடுத்த ஆண்டே திருப்பி அழைக்கப்பட்டார். அந்தக் குறுகிய காலத்தில் கறுப்பர் நகரத்தின் நெரிசலுக்கு மூச்சுவிட ஓர் இடம் வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. மனிதர்களை எடைபோடுவது அவ்வளவு எளிதன்று.

பூங்காவுக்குத் துயரமும் உண்டு. ஆண்டிறுதியில் அங்கே நடந்த பார்க் ஃபேர் என்னும் கேளிக்கைச் சந்தையில் 1886 டிசம்பர் 31 அன்று தீப்பற்றியது. கொட்டகைகள் எரிந்து நூற்றுக்கணக்கானவர்கள் மாண்டார்கள். புத்தாண்டுக் கொண்டாட்டத்தைக் குழந்தை குட்டிகளோடு பார்க்க வந்தவர்கள் அவர்கள். இன்று சென்ட்ரலைக் கடந்து போகும் இலட்சக்கணக்கானவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

வேடிக்கை பார்க்க வரும் இந்த மக்களைப் பற்றி ஆட்சியாளருக்கு நல்லெண்ணம் இருந்ததா என்றால், முழுமையாக இல்லை. 1885 முதல் அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், பெரும்பாலான பார்வையாளர்கள் அருங்காட்சியகத்தைத் தமாஷா வீடாகத்தான் கருதுகிறார்கள் என்று எழுதிவைத்தார். படிக்க வரவில்லை, பார்க்க வருகிறார்கள் என்பது அவர் குறை. நமது கற்றோரிடமும் இந்த முகச்சுளிப்பு இருக்கிறது. காணும் பொங்கலன்று எழும்பூரிலும் மெரீனாவிலும் திரளும் கூட்டத்தைக் கண்டு என் சக ஆசிரியர்கள் சலித்துக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன். அந்தத் திருநாளின் பெயரிலேயே காணுதல் இருக்கிறது. காண்பது அவ்வளவு தாழ்வான செயலா?

1989ஆம் ஆண்டு மே மாதம், பத்து வயதில், ஆயாவின் விரலைப் பிடித்துக்கொண்டு நான் முதன்முறையாகச் சென்னை வந்தேன். செங்கற்பட்டு வரை பேருந்து. அங்கிருந்து மின்ரயில். எழும்பூரில் இறங்கிச் செத்த காலேஜுக்கு நடந்தோம். பாந்தியன் சாலை என்ற பலகையைப் பாண்டியன் சாலை என்று படித்து, பாண்டியனுக்கு இங்கே என்ன வேலை என்று வியந்தது நினைவிருக்கிறது. திமிங்கலத்தின் எலும்புக்கூட்டின் முன்னால் ஆயா வெகுநேரம் நின்றாள். ஆதிச்சநல்லூரின் மண்ணும் இரும்பும் இருந்த பகுதியில் அவள் நிற்கவேயில்லை. அவளைப் பொறுத்தவரை அவை பானைச் சில்லுகள். அலெக்சாண்டர் ரீ தோண்டி எடுத்த அந்தப் பொருள்களை நான் உண்மையில் பார்த்தது முதுகலை படிக்கும்போதுதான். திருவாலங்காட்டு நடராசரின் முன்பு மட்டும் அவள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டாள். காவலர் ஒன்றும் சொல்லவில்லை.

பிறகு உயிர் காலேஜுக்குப் போவோம் என்றாள். கலியாணமான புதிதில் தாத்தாவோடு பார்த்தது, சிங்கம் கர்ஜித்தபோது தாத்தாவே பயந்துவிட்டார் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள். வெயிலில் சென்ட்ரல் வரை நடந்தோம். அங்கே சிங்கமும் இல்லை, புலியும் இல்லை. ஆயா ஒரு பழ வண்டிக்காரரிடம் கேட்டாள்.

"ஏம்பா, இங்க உயிர் காலேஜ் இருந்துதே, எங்க?"

"அது வண்டலூருக்குப் போய் நாலு வருசமாவுது ஆயா."

காலையில் ரயிலில் நாங்கள் கடந்து வந்த ஊர்தான் வண்டலூர்.

1985ஆம் ஆண்டு இந்த வட்டாரத்துக்கு விசித்திரமான ஆண்டு. மே 30 அன்று மூர் மார்க்கெட் தீக்கிரையானது. பூங்கா நிலத்தில் 1900இல் திறக்கப்பட்ட சந்தை அது. பழைய புத்தகங்களுக்காகத் தமிழ் எழுத்தாளர்கள் தவமிருந்த இடம். இரண்டு மாதம்கூட ஆகவில்லை, ஜூலை 24 அன்று வண்டலூரில் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா திறக்கப்பட்டது. விலங்குகளுக்கு இது விடுதலை என்பதை நான் மறுக்கவில்லை. சிறு கூண்டுகளில் அடைபட்டிருந்தவற்றுக்கு சுமார் 510 எக்டேர் காடு கிடைத்தது. பழைய இடத்திலேயே அவற்றை வைத்திருக்க வேண்டும் என்று சொல்பவன் கொடியவன். ஆனால் விலங்குகள் போனபின் எஞ்சிய பசுமையை மனிதர்களுக்கென்று விட்டுவைத்தார்களா? பூங்காவைக் கடித்துத் தின்னும் வேலை முன்பே தொடங்கியிருந்தது. 1880களில் விக்டோரியா மண்டபம், பின்னர் மூர் மார்க்கெட், 1913இல் ரிப்பன் மாளிகை. மூர் மார்க்கெட் எரிந்த மனையில் புறநகர் ரயில் முனையம் வந்தது. 1993இல் நேரு விளையாட்டரங்கம் எழுந்தது. மை லேடீஸ் கார்டன் என்ற ஒரு துண்டு மிஞ்சியிருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே நல்ல காரணம் இருந்தது. 116 ஏக்கர் போய்விட்டது.

இவ்வகையில் இழந்தவை இன்னும் உண்டு. மெரீனாவில் 1909இல் திறக்கப்பட்ட மீன் காட்சியகம் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் மூடப்பட்டது. வந்தவையும் உண்டு. கிண்டியில் 1972 முதல் பாம்புப் பண்ணை, கோட்டூர்புரத்தில் 1988 முதல் பிர்லா கோளரங்கம், அதே பகுதியில் 2010 முதல் அண்ணா நூற்றாண்டு நூலகம். அந்த நூலகத்தின் குழந்தைகள் தளத்தில் அக்காவின் பிள்ளைகள் ஒரு பகல் முழுதும் உட்கார்ந்திருந்தார்கள். காசு கேட்காமல் குழந்தைகளை உள்ளே விடும் பெரிய கட்டடம் ஒன்றை இந்த நூற்றாண்டிலும் நம்மால் கட்ட முடிந்திருக்கிறது. அது எனக்குப் பெரிய ஆறுதல்.

அன்று மாலை சமுத்திரத்துக்குப் போனோம். கிராண்ட் டஃப் என்ற ஆளுநர் 1884இல் உலாச்சாலை அமைத்து, சிசிலித் தீவின் கடற்கரை ஒன்றை நினைத்து மெரீனா என்று பெயரிட்டார். ஆயாவுக்கு அது கடைசிவரை சமுத்திரம்தான். எம்.ஜி.ஆர். மறைந்து ஒன்றரை ஆண்டே ஆகியிருந்தது. அவரது கைக்கடிகாரம் உள்ளே இன்னும் ஓடுகிறது என்று நம்பி மக்கள் சமாதியில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஆயாவும் மண்டியிட்டுக் காதை வைத்தாள். நானும் வைத்தேன். சலவைக்கல்லின் குளிர்ச்சி மட்டுமே எனக்குத் தெரிந்தது. "கேக்குதுடா" என்றாள் ஆயா.

சென்ற ஆண்டு விடுமுறையில் அக்காவின் மகளை வண்டலூருக்கு அழைத்துச் சென்றேன். காலையில் எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு அருகே அலுவல் ஒன்று இருந்தது. அதை முடித்துவிட்டுச் சென்ட்ரலுக்கு எதிரே உள்ள நிலையத்தில் தாம்பரம் வழியாகச் செல்லும் ரயிலுக்காகக் காத்திருந்தோம். எட்டு வயதுக் குழந்தை, பார்க்கிற பலகைகளையெல்லாம் எழுத்துக்கூட்டிப் படிக்கும் பருவம். நடைமேடையின் பலகையை வாய்விட்டுப் படித்தாள். 'சென்னை பூங்கா.'

"பூங்கா எங்க மாமா இருக்கு?"

எந்தப் பக்கம் கைநீட்டுவது என்று நான் யோசித்துக்கொண்டிருக்கையில் ரயில் வந்துவிட்டது.